சிப் பேக்கேஜிங் என்றால் டப்பாவில் அடைப்பதா?

2024 பிப்ரவரி கடைசியில், அசாம் மாநிலம் ஜாகிரோடில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் 27,000 கோடி ரூபாய் செலவில் சிப் பேக்கேஜிங் ஆலை அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்று ராத்திரியே சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, சிப்பை டப்பாவுல அடைச்சு அனுப்புறதுக்கா இத்தனை கோடி?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேக்கிங் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பிரவுன் டேப். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் என் மாணவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்த மீதிப் பேர், "இல்ல சார், சிப்பை போர்டுல சால்டர் பண்றதுதான் பேக்கேஜிங்" என்பார்கள். அதுவும் சரியில்லை. சால்டர் செய்வதற்கு வெகு முன்னாலேயே, கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கும் ஒரு வேலை இது. சித்தப்பாவுக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

## நாம் சிப் என்று சொல்வது எதை?

பழைய ரேடியோ போர்டைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் முளைத்து, பூரான் மாதிரி உட்கார்ந்திருக்கும் ஐசி. அதைத்தான் சிப் என்கிறோம். உண்மையில் அந்தக் கறுப்பு உடம்பு வெறும் ஓடுதான். புளியங்கொட்டையின் ஓட்டுக்குள் பருப்பு இருப்பதுபோல, அதற்குள்ளே சிலிக்கானால் ஆன ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. டிரான்சிஸ்டர்கள் எல்லாம் அதில்தான். தொழிற்சாலையில் அந்தத் துண்டுக்குப் பெயர் 'டை'. இனி இந்தக் கட்டுரையில் டை என்றால் சிலிக்கான் துண்டு, சிப் என்றால் ஓடு போட்ட முழுப் பொருள்.

மின்சாரம் உள்ளே வரவும் வெளியே போகவும் டையின் மேல் சின்னச் சின்ன உலோகச் சதுரங்கள் இருக்கும். அவற்றுக்கு 'பேட்' என்று பெயர். ஒரு பேட் தலைமுடியின் தடிமன் அளவுதான் இருக்கும். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். ஆனால் அந்தப் பூரானின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். முடியளவு வாசலிலிருந்து விரலால் தொடக்கூடிய கால்வரைக்கும் ஒரு பாதை போட்டாக வேண்டும். டையைப் பிடித்து நிறுத்துவது, சூட்டை வெளியே கடத்துவது, ஈரம் படாமல் காப்பது ஆகியவற்றோடு இந்தப் பாதை போடும் வேலைக்கும் சேர்த்துத்தான் பேக்கேஜிங் என்று பெயர். நாம் பார்க்கப்போவது பாதை போடுவதை மட்டும்.

இதுவரை: கண்ணில் படுவது ஓடு, வேலை செய்வது டை. டையின் பேட்களை வெளியுலகத்தோடு இணைப்பதே பேக்கேஜிங்கின் கடினமான பகுதி.

## ஒட்டுவதில் மூன்று வகை

இந்த இணைப்புகளைப் பற்றிப் பேசும்போது எல்லாவற்றையும் 'ஒட்டுவது' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பொருளைச் சேர்ப்பதில் மூன்று வகை உண்டு. மூன்றும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

முதல் வகை பசை. கிழிந்த செருப்பை ஒட்டுகிறோமே, அதுதான். நடுவில் மூன்றாவது பொருள் ஒன்று நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. டையைக் கீழே உள்ள தட்டில் உட்கார வைக்க இதுவே போதும். வெள்ளித்தூள் கலந்த எபாக்ஸிப் பசையைப் பொட்டாக வைத்து டையை அமுக்கிச் சூட்டில் இறுக வைப்பார்கள். வெள்ளி கலப்பது சூடும் மின்சாரமும் கடக்க. இதற்கு 'டை அட்டாச்' என்று பெயர்.

இரண்டாவது வகைக்குப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஈயம் பூசுபவர் பாத்திரத்தை அனலில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவித் துணியால் தேய்ப்பார். புகை கிளம்பும். பிறகு வெள்ளீயத்தைத் தொட்டு இழுத்தால் பித்தளை முழுக்க வெள்ளியாய்ப் படரும். நவச்சாரம் இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடிவிடும். காரணம், காற்றுப் பட்ட பெரும்பாலான உலோகங்களின் மேல் ஆக்சைடு என்ற மெல்லிய தோல் இருக்கும். நவச்சாரம் அந்தத் தோலை உரித்துவிடுகிறது. சால்டரிங் இதே வேலைதான்: சீக்கிரம் உருகும் ஓர் உலோகத்தை நடுவில் உருக்கி, இரண்டு பக்கமும் படர வைத்து, ஆற விடுவது.

மூன்றாவது வகையில் பசையும் இல்லை, உருகலும் இல்லை. சப்பாத்திக்கு உருண்டை பிடித்துக் காய்ந்த மாவில் புரட்டி அடுக்கி வைக்கிறோம். ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஆனால் இரண்டு உருண்டைகளை எடுத்து அமுக்கி, கொஞ்சம் திருகித் தேய்த்துப் பாருங்கள். மேல் மாவு விலகி, உள்ளே இருக்கும் ஈர மாவும் ஈர மாவும் தொட்ட மாத்திரத்தில் ஒரே உருண்டையாகிவிடும். எங்கே சேர்ந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. உலோகமும் அப்படியே. ஆக்சைடுத் தோலை விலக்கி, சுத்தமான உலோகத்தைச் சுத்தமான உலோகத்தோடு அழுத்தினால், உருகாமலேயே அணுக்கள் கைகோத்துக்கொள்ளும்.

உலகத்தில் உள்ள சிப்களில் பெரும்பாலானவற்றில், டையின் பேடிலிருந்து வெளிக்கால்வரைக்கும் போகும் மெல்லிய கம்பி இந்த மூன்றாவது வகையில்தான் கட்டப்படுகிறது. 'சிப்புக்குள்ளே சால்டர் பண்ணியிருப்பாங்க' என்ற பேச்சு அதனால்தான் பெரும்பாலும் தவறாகிறது.

இனி வரும் ஒவ்வொரு முறையையும் இரண்டு கேள்விகளோடு பாருங்கள். உலோகத்தின் தோலை எப்படி விலக்குகிறார்கள்? சூடேறி விரியும்போது அந்த இணைப்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

## ஒரு கம்பி எப்படிக் கட்டப்படுகிறது

இதற்கு 'வயர் பாண்டிங்' என்று பெயர். 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், சூடும் அழுத்தமும் மட்டும் வைத்துத் தங்கக் கம்பியைக் குறைக்கடத்தியோடு சேர்க்கும் முறையை வெளியிட்டார்கள். பிறகு அதோடு மீயொலியும், அதாவது காதுக்கு எட்டாத அதிவேக அதிர்வும், சேர்ந்தது. இன்று நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

கம்பியின் தடிமன் பெரும்பாலும் 18 முதல் 25 மைக்ரான். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு. அது ஒரு பீங்கான் முனையின் நடுத் துளை வழியாகக் கீழே எட்டிப் பார்க்கிறது. இந்த முனைக்குப் பெயர் கேப்பிலரி. பக்கத்திலிருந்து ஒரு மின்பொறி பாய்கிறது. கம்பியின் நுனி உருகி, தானாகவே உருண்டு, ஒரு குட்டிப் பந்தாக நிற்கிறது. இந்த நுனி மட்டும்தான் உருகுகிறது. அதுவும் பேடைத் தொடுவதற்கு முன்னால்.

அடுத்து, கேப்பிலரி இறங்கிப் பந்தைப் பேட் மேல் அமுக்குகிறது. டை ஏற்கெனவே 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கிறது. தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும் என்பதால் உருகுவதற்கு வாய்ப்பே இல்லை. அமுக்கும் விசை சில பத்து கிராம் எடை அளவுதான். ஆனால் அதே நேரத்தில் கேப்பிலரி நொடிக்கு 60,000 முதல் 1,20,000 தடவை பக்கவாட்டில் அதிர்கிறது. நம் காதுக்கு எட்டுவது 20,000 வரைதான், அதனால் சத்தமே கேட்காது. சப்பாத்தி உருண்டையைத் திருகித் தேய்த்தோமே, அந்த வேலையை இந்த அதிர்வு செய்கிறது. பேட் அலுமினியம், அதன் ஆக்சைடுத் தோல் கண்ணாடி மாதிரி கெட்டியானது. அதிர்வில் அது நொறுங்கி விலகுகிறது. தங்கமும் அலுமினியமும் தொடுகின்றன, ஒன்றாகின்றன. நொடியில் நூற்றில் ஓரிரு பங்குக்குள் இது முடிந்துவிடும்.

இப்போது கேப்பிலரி மேலே எழும்பி, கம்பியை விட்டுக்கொண்டே, வில் மாதிரி வளைத்துக் கொண்டுபோய் 'லீட் ஃபிரேம்' மேல் இறங்குகிறது. லீட் ஃபிரேம் என்பது பின்னால் ஐசியின் கால்களாகப் போகும் செம்புத் தகடு. அங்கே கம்பியைத் தட்டையாக அமுக்கி, தேய்த்து ஒன்றாக்கி, ஓரத்தை மெலிதாக்கிப் பிடித்து இழுத்தால் கம்பி அறுந்துவிடும். அறுந்த நுனியில் மறுபடி மின்பொறி, அடுத்த பந்து. நவீன இயந்திரம் ஒரு நொடியில் பத்துக்கும் மேற்பட்ட கம்பிகளைக் கட்டுகிறது.

அந்த வில் வளைவு அழகுக்காக இல்லை. நம் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதுதான். எலெக்ட்ரீஷியன் ஒயர் இழுக்கும்போது கொஞ்சம் தொங்கல் விட்டுத்தான் கட்டுவார். விறைப்பாகக் கட்டினால் சூட்டில் இழுபட்டு அறுந்துவிடும். இங்கேயும் வளைவு அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது.

ஆரம்ப காலத்தில் இதெல்லாம் கைவேலை. 1972-இல் மலேசியாவின் பினாங்கில் இன்டெல் தன் ஆலையைத் திறந்தபோது, அந்தத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதி முழுக்க இப்படிப்பட்ட ஆலைகள் வந்தன. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் மணிக்கணக்காக நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து ஒவ்வொரு கம்பியாகக் கட்டினார்கள். சிப் வரலாற்றில் வடிவமைத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தப் பெண்களின் கண்ணும் கையும் அந்த வரலாற்றில் அவ்வளவாகப் பேசப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். நம் மறைமலை நகரிலும் ஸ்பெல் செமிகண்டக்டர் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். கடையில் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் 5 மில்லிமீட்டர் எல்இடி பல்பு, தெளிவான கண்ணாடி போல இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பூதக்கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். ஒரு கிண்ணத்துக்குள் மணல் துகள் போல டை உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து பக்கத்துக் கம்பத்துக்கு ஒரு மெல்லிய இழை வளைந்து போவது பளிச்சென்று தெரியும். நான் வகுப்பில் இதைக் கையில் கொடுத்ததும், பின் வரிசைப் பையன்கள் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார்கள். மலிவான பொம்மைகளிலும் கால்குலேட்டரிலும் போர்டு மேல் ஒரு கறுப்புச் சொட்டு இருக்குமே, அதற்குள்ளும் இதேதான்: டையை நேராகப் போர்டில் ஒட்டி, கம்பி கட்டி, மேலே எபாக்ஸியை ஊற்றிவிட்டார்கள்.

## தங்கம் ஏன், செம்பு ஏன்

தங்கத்துக்கு ஆக்சைடுத் தோல் கிடையாது. முதல் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. தங்கமும் அலுமினியமும் நாள்பட்ட சூட்டில் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, ஊதா நிறத்தில் ஒரு சேர்மமாகும். அணுக்கள் ஒரு பக்கத்திலிருந்து வேகமாக ஓடிவிடுவதால் அங்கே நுண்ணிய குழிகள் விழும். இணைப்பு நொறுங்கும். 'பர்ப்பிள் பிளேக்', அதாவது ஊதாக் கொள்ளைநோய் என்று பொறியாளர்கள் பயந்த விஷயம் இது.

2010-ஐ ஒட்டித் தங்கம் விலை ஏறியதும் தொழில் வேகமாகச் செம்புக் கம்பிக்கு மாறியது. செம்பு மலிவு, மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும், அலுமினியத்தோடு மெதுவாகத்தான் ஊறும். சிக்கல் என்னவென்றால் அது கெட்டியானது. அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பேடுக்கு அடியில் டை விரிசல் விடும். காற்றுப் பட்டால் கறுக்கும் என்பதால், பந்து உருவாகும் இடத்தில் ஐந்து சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதுவரை: வயர் பாண்டிங்கில் சூடு, அழுத்தம், அதிர்வு மூன்றும் சேர்ந்து தோலை விலக்குகின்றன. கம்பியின் வளைவு விரிவைச் சமாளிக்கிறது.

## டையைக் கவிழ்த்துப் போட்டால்

கம்பிக்கு ஒரு வரம்பு உண்டு. கம்பி டையின் ஓரத்திலிருந்துதான் சௌகரியமாகப் போகும். ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் உள்ள சதுர டையில், 50 மைக்ரானுக்கு ஒரு பேட் வைத்தால் நான்கு ஓரத்திலும் சேர்த்து 800 இணைப்புகள். செல்போன் பிராசஸருக்கு அது காணாது. ஓரத்தை விட்டுவிட்டு முகம் முழுக்கப் பேட் வைத்தால்? 150 மைக்ரானுக்கு ஒன்று என்று தாராளமாக வைத்தாலே 4,400 வரும்.

ஆனால் முகம் முழுக்கப் பேட் இருந்தால் கம்பி கட்ட முடியாது. ஆகவே தோசையைத் திருப்பிப் போடுவதுபோல டையைக் குப்புறப் போட்டார்கள். அதுதான் 'ஃபிளிப் சிப்'. ஒவ்வொரு பேட் மேலும் சால்டரால் ஒரு சின்னக் குமிழ் வைக்கப்படும். அதற்கு 'பம்ப்' என்று பெயர். கீழே பல அடுக்குச் செம்புப் பாதைகள் உள்ள ஒரு குட்டி போர்டு, அதாவது 'சப்ஸ்ட்ரேட்', காத்திருக்கும். அதன் மேல் கவிழ்த்து வைத்து அடுப்பில் விட்டால் எல்லாப் பம்புகளும் ஒரே நேரத்தில் உருகிச் சேர்ந்துவிடும்.

இது புதுச் சரக்கு இல்லை. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினியிலேயே டிரான்சிஸ்டர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டை தரையோடு அமுங்கிவிடாமல் இருக்க அப்போது செம்பு உருண்டைகளை வைத்தார்கள். சில ஆண்டுகளில் உருண்டையே தேவையில்லை என்று கண்டுபிடித்தார்கள். ஈயம் பித்தளையில் படரும், தாமரை இலையில் தண்ணீர் படராது அல்லவா? பேடைச் சுற்றிலும் சால்டர் படராத பூச்சைப் போட்டுவிட்டார்கள். உருகிய சால்டர் பேட் மேல் மட்டும் படர்ந்து, தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்று டையைத் தாங்கியது. இன்னொரு நன்மையும் தானாக வந்தது. டை கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருந்தாலும், உருகிய துளிகள் எல்லாம் சேர்ந்து அதைச் சரியான இடத்துக்கு இழுத்துவிடும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது: மனிதக் கை தொடாமல், பரப்பு இழுவிசை மட்டும் ஆயிரம் இணைப்புகளை நேராக்குகிறது.

## பீமும் சுவரும் சேரும் இடம்

ஃபிளிப் சிப்பில் கம்பி இல்லை, வளைவும் இல்லை. அப்படியானால் விரிவை யார் தாங்குவது?

வீடு கட்டிய இரண்டாவது வெயிலில் கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் விரிசல் விடும். இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதும் அதற்கு ஒரு காரணம். சிலிக்கான் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3 பங்கு விரியும். கீழே உள்ள சப்ஸ்ட்ரேட் சுமார் 16 பங்கு. 20 மில்லிமீட்டர் டையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரம் 10 மில்லிமீட்டர். கணினி சூடாகி 70 டிகிரி ஏறினால், ஓரத்துப் பம்பின் தலைக்கும் காலுக்கும் சுமார் 9 மைக்ரான் இழுபறி. பம்பின் உயரமே 100 மைக்ரானுக்குள்தான். ஒவ்வொரு முறை கணினியைப் போட்டு அணைக்கும்போதும் இந்த இழுபறி நடக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியுமே, அதுபோல மூலைப் பம்புகள்தான் முதலில் விரிசல் விடும்.

இதற்கு மருந்து 'அண்டர்ஃபில்'. டையின் ஓரத்தில் எபாக்ஸித் திரவத்தைக் கோடாக விடுவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, பம்புகளுக்கு இடையே அது தானே ஊர்ந்து முழு இடத்தையும் நிரப்பும். இறுகிய பிறகு சுமை பம்புகள் மேல் மட்டும் விழாமல் பரப்பு முழுக்கப் பரவும்.

என் பழைய லேப்டாப் ஒருநாள் திரை வராமல் நின்றது. கடையில், "சிப்பைச் சூடு பண்ணினா சரியாயிடும் சார்" என்று சூடான காற்றை ஊதிக் கொடுத்தார்கள். உயிர் வந்தது. மூன்று வாரம் ஓடி மறுபடி போய்விட்டது. "ரீபாலிங் பண்ணலாம்" என்றார்கள், அதையும் செய்தேன், பலனில்லை. பணம் போனதைவிட, காரணம் புரியாமல் போனதுதான் உறுத்தியது. பிறகு படித்தபோது விளங்கியது. ரீபாலிங் என்பது சிப்பின் ஓட்டுக்கும் போர்டுக்கும் இடையே உள்ள பெரிய உருண்டைகளை மாற்றுவது. டைக்கும் சப்ஸ்ட்ரேட்டுக்கும் இடையே உள்ள குட்டிப் பம்புகளை அது தொடவே தொடாது. சூடுபடுத்தும்போது விரிசல் விட்ட பம்பின் இரண்டு முகங்களும் கொஞ்ச நாள் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாசல் படியில் சிமென்ட் பூசி மாடிச் சுவர் விரிசலைச் சரிசெய்ய முடியாது. உங்களிடம் யாராவது ரீபாலிங் என்றால், கோளாறு எந்தத் தளத்தில் என்று முதலில் கேளுங்கள்.

இதுவரை: ஃபிளிப் சிப்பில் இணைப்பு சால்டர்தான், ஆனால் போர்டில் அல்ல, ஓட்டுக்குள்ளே. விரிவின் சுமையை அண்டர்ஃபில் பகிர்ந்துகொள்கிறது.

## சால்டரும் இல்லாமல்

இப்போது டைமேல் டை அடுக்குகிறார்கள். ஏஐ சிப்களோடு வரும் எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம் அப்படித்தான்: சிலிக்கானைக் குடைந்து செம்பு நிரப்பிய செங்குத்துத் துளைகள், நடுவே மிகக் குட்டிப் பம்புகள். பம்புகள் நெருங்க நெருங்க ஒரு தொல்லை வருகிறது. உருகிய சால்டர் பக்கத்துத் துளியோடு சேர்ந்துவிடும்.

அதனால் மறுபடி சப்பாத்தி மாவுக்கே வந்துவிட்டார்கள். 'ஹைப்ரிட் பாண்டிங்' என்பது செம்பைச் செம்போடு நேராகச் சேர்ப்பது. இரண்டு டைகளின் முகமும் சிலிக்கா என்ற கண்ணாடிப் பொருளால் ஆனது, நடுநடுவே செம்புப் புள்ளிகள். முகத்தை அப்பழுக்கில்லாமல் மெருகேற்றும்போது, செம்பு மட்டும் சில நானோமீட்டர் பள்ளமாக இருக்கும்படி விடுவார்கள். ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடிக் கடையில் தகடுகளுக்கு நடுவே காகிதம் வைத்து அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், சுத்தமான கண்ணாடி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்பதால். அதேபோல இரண்டு சிலிக்கா முகங்களும் சாதாரண வெப்பத்திலேயே கவ்விக்கொள்கின்றன. செம்பு இன்னும் தொடவில்லை. பிறகு 200 முதல் 300 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். செம்பு சிலிக்காவைவிடப் பல மடங்கு விரியும். பள்ளத்திலிருந்து எழும்பி, எதிரே வரும் செம்பை முட்டி, அழுந்தி, ஒன்றாகிவிடும்.

கவனித்தீர்களா? பம்பை உடைத்த அதே விரிவைத்தான் இங்கே இணைக்கும் கையாக மாற்றியிருக்கிறார்கள்.

சோனி 2016-இல் கேமரா சென்சாரில் இதை வணிக அளவில் கொண்டுவந்தது. 2022-இல் வந்த ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி பிராசஸரில், 64 எம்பி நினைவக டையை இந்த முறையில் மேலே ஏற்றினார்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 9 மைக்ரான்தான் இடைவெளி. நம் 10 மில்லிமீட்டர் சதுரத்தை இந்த நெருக்கத்தில் நிரப்பினால் 12 லட்சம் இணைப்புகள் வரும். 800-இல் தொடங்கினோம்.

இதில் ஒரே ஒரு தூசி மாட்டிக்கொண்டாலும் அதைவிடப் பல மடங்கு பெரிய இடம் ஒட்டாமல் கொப்பளம்போல நின்றுவிடும். ஒரு மைக்ரான் தூசிகூட இங்கே பாறாங்கல். வயர் பாண்டிங் நடக்கும் கூடத்தைவிட மிகச் சுத்தமான, டிரான்சிஸ்டர் செய்யும் இடத்துக்கு நிகரான அறை இதற்கு வேண்டும். பேக்கேஜிங்குக்கு ஏன் இத்தனை கோடி என்ற கேள்விக்குச் சித்தப்பாவிடம் நான் சொன்ன பதில்களில் இதுவும் ஒன்று.

ஜாகிரோட் அறிவிப்பில் நாளொன்றுக்கு 4.8 கோடி சிப் என்ற எண்ணோடு, வயர் பாண்ட், ஃபிளிப் சிப் என்ற சொற்களும் இருந்தன. போன வாரம் சித்தப்பா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய கால்குலேட்டரைக் கழற்றி, அந்தக் கறுப்புச் சொட்டை விரலால் சுட்டிக்காட்டியிருந்தார். கீழே ஒரு கேள்வி: "இதுக்குள்ள தங்கமாப்பா, செம்பா?"